பிள்ளைக்கு இசைப் பொம்மை, இரவுக்கு ஒரு நாவல்: மலையகத்தில் பார்த்து வாங்குவது எப்படி

மகளுக்கு ஐந்து வயதான வருடம் இசைப் பொம்மை வாங்கத் தொடங்கினேன். இப்போது அவளுக்கு ஏழு, தம்பிக்கு மூன்று. இந்த இரண்டு வருடத்தில் பொம்மைக்கும் கதைப் புத்தகத்துக்குமாக ஏறத்தாழ 18,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் பாதி வீண். நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்). ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி. பக்கத்து வீட்டில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். கொழும்பில் இருக்கும் அம்மாவுக்குச் சரிவருகிற பொம்மை இங்கே சரிவராது என்பதைப் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் வீட்டில் பாருங்கள்

முதலில் நேரம். பிள்ளை எந்த நேரத்தில் சத்தம் போட்டால் யாருக்கும் தொந்தரவில்லை? எங்கள் லயத்தில் அது பாடசாலை விட்டு வந்ததிலிருந்து மாலை 4 மணி வரை. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் திரும்பிவந்து முதுகைச் சாய்க்கும் நேரத்தில் கொட்டு சத்தம் கேட்டால் எந்த நல்ல மனுசருக்கும் கோபம் வரும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத பொம்மையைப் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பணம். பொம்மைக்கு வருடத்துக்கு ஒரு தடவை, புத்தகத்துக்கு மாதா மாதம் கொஞ்சம் என்று பிரித்து வையுங்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட்டு, அடுத்த பதினொரு மாதமும் ஒரு புதுப் புத்தகம்கூட இல்லாமல் இருந்தது எங்கள் முதல் வருடம்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்குப் போகிறவர்கள் அங்கே பொம்மை வாங்காதீர்கள். நான் சீசன் கடையில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய அதே சைலபோன் (கம்பால் தட்டும் தகட்டு வாத்தியம்) ஜூன் மாதம் ஹட்டனில் 1,500 ரூபாய்க்கு இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரமும் அப்படித்தான். மூன்று வாரம் முந்திப் போனால் விலை பேசலாம், கடைக்காரரும் பெட்டியைத் திறந்து காட்டப் பொறுமையாக இருப்பார். கொழும்புக்குப் போகிற சொந்தக்காரர் இருந்தால் புறக்கோட்டையில் விலை குறைவுதான். ஆனால் பழுதானால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கிடைக்க மாட்டார். பேட்டரி போடும் எதையும் பக்கத்து டவுனில் வாங்குவதே நல்லது.

2. எந்த வாத்தியம்: என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்

பொத்தானை அமுக்கினால் தானே பாடும் பொம்மை வேண்டாம். மாடு, ரயில், கைப்பேசி என்று எல்லா உருவத்திலும் வருகிறது. மூன்று பாட்டு, அதுவும் பாதியில் நிற்கும். தம்பிக்கு வாங்கிய ரயில் நான்கு நாள் பாடியது, ஐந்தாம் நாள் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை, அதனால்தான். தட்டினால், ஊதினால், இழுத்தால் மட்டும் சத்தம் வரும் பொருள்தான் பிள்ளையின் கையில் மாதக்கணக்காக இருக்கிறது.

மூன்று வயதிலிருந்து சைலபோன் நல்லது. எட்டுத் தகடு உள்ளதாக, தகடு உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தகடு 'டொக் டொக்' என்றுதான் கேட்கும். இதில் பெரிய ஏமாற்று சுருதி. நிறம் நிறமாக அழகாக இருக்கும், ஆனால் மூன்றாவது தகடும் நான்காவது தகடும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் தரும். சோதிக்கச் சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய தகட்டிலிருந்து சின்னத் தகடு வரை வரிசையாகத் தட்டிக்கொண்டே 'ச ரி க ம ப த நி ச' என்று பாடிப் பாருங்கள். சுருதி சரியாக இருந்தால் அது சங்கராபரண ராகத்தின் ஆரோகணம் (ஏறும் வரிசை), குரல் தடுமாறாமல் மேலே ஏறும். ஓர் இடத்தில் குரல் ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமும் போனால் வைத்துவிடுங்கள். காது அந்த வயதில்தான் பழகுகிறது. மகள் பிழையான தகட்டோடு எட்டு மாதம் பாடிவிட்டு, பிறகு கோயில் பஜனையில் 'க' வரும் இடத்தில் தடுமாறினாள். அது எனக்கு இன்றும் வருத்தம்.

சின்னக் கீபோர்ட் ஐந்து வயதுக்குப் பிறகு. 37 கட்டை போதும். கடையில் பேட்டரி போடச் சொல்லி, மூன்று கட்டையை ஒன்றாக அமுக்குங்கள். மூன்று சத்தமும் ஒன்றாக வர வேண்டும். மலிவான பலவற்றில் ஒன்று மட்டும்தான் வரும். அப்படிப்பட்டதில் இரண்டு கையால் வாசிக்கவே பழக முடியாது. நான் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கிய முதல் கீபோர்ட் அந்த வகை, கடையில் ஒரு விரலால்தான் அமுக்கிப் பார்த்தேன். சத்தத்தைக் குறைக்கும் திருகும், ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் துளைதான் அதன் பாதி விலை. மின்சாரத்தில் ஓட்ட அடாப்டர் தனியாக வாங்கினால், கீபோர்ட்டின் பின்பக்கம் இரண்டு விஷயம் இருக்கும்: எத்தனை வோல்ட் என்ற எண், நடுமுனை நேரா எதிரா என்று காட்டும் சின்னப் படம். இரண்டும் அடாப்டரோடு பொருந்த வேண்டும். 9 வோல்ட் என்று எண் மட்டும் பார்த்து வாங்கி, படம் மாறிப்போனால் கருவி எரிந்துவிடும்.

கொட்டு வாங்குவதென்றால் தோல் போட்டது இந்தக் குளிருக்கு ஒத்துவராது. மிஸ்டு (மூடுபனி) இறங்கும் மாதங்களில் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துபோகும். தப்பு (பறை) அடிக்கிறவர்கள் ஏன் அடிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டுகிறார்கள்? அதே காரணம்தான். பிள்ளையின் கையில் இருக்கும் சின்னக் கொட்டை அப்படிக் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. பிளாஸ்டிக் படலம் போட்டது வாங்குங்கள். அதே நேரம், தோட்டத்தில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் கூத்து) நடந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்த் தப்புக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். காசு கொடுத்து வாங்க முடியாத வகுப்பு அது.

ரெக்கார்டர் ஏழு வயதுக்கு முன்னால் வேண்டாம், விரல் துளையை மூடாது. இதில் ஜெர்மன், பரோக் என்று இரண்டு விரல்முறை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சில சுரங்களுக்கு விரல் வைப்பது மாறும். யமஹாவில் 23 என்ற எண் உள்ளது ஜெர்மன், 24பி பரோக். பாடசாலையில் எதைப் பழக்குகிறார்கள் என்று சங்கீத ஆசிரியரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

3. கடையில் ஐந்து நிமிடச் சோதனை

பேட்டரி மூடியைத் திருப்பிப் பாருங்கள். திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முக்கியமாகக் காசு மாதிரி வட்டமான பொத்தான் பேட்டரி உள்ளவை. அதைப் பிள்ளை விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கத் தொடங்கிவிடும். வெளியே போய்விடும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், இலவசம்.

கழிவறைக் காகிதச் சுருளின் நடு அட்டை ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள். பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டும் அந்த ஓட்டைக்குள் போனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆபத்து. சைலபோன் கம்பின் உருண்டைத் தலையை இழுத்துப் பாருங்கள். எங்களுடையது இரண்டாம் நாளே கழன்றது.

சத்தத்தை அளக்க போனில் இலவச டெசிபல் செயலி உண்டு. துல்லியம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். சாதனங்களில் கேட்பதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணித்தியாலம். பொம்மையைப் பிள்ளை காதுக்கு எவ்வளவு கிட்ட வைத்துக்கொள்ளுமோ அந்தத் தூரத்தில் போனைப் பிடித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கைப்பேசிப் பொம்மை 90-ஐத் தாண்டியது. அதைப் பிள்ளை காதில்தான் வைக்கும்.

4. பற்றுச்சீட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்

எங்கள் இரண்டாவது கீபோர்ட் ஒன்பதாம் நாள் நின்றுபோனது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். "சீட்டு இருக்கா?" என்றார்கள். இல்லை. அவ்வளவுதான். பஸ் காசும் ஒரு நாள் லீவும் போனதுதான் மிச்சம்.

வாங்க வேண்டியவை: திகதி, பொருளின் பெயர், விலை எழுதிய பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இருந்தால் அதில் கடை முத்திரை. இரண்டையும் வீட்டுக்கு வந்தவுடன் போனில் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டு மை இங்கே ஈரத்தில் ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது. சீட்டு இருந்தும் கடை மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

ஒன்லைனில் வாங்குகிறவர்களுக்கு விலாசம்தான் தலைவலி. லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், கோயில் அல்லது கடை என்று ஓர் அடையாளம், இரண்டு தொலைபேசி இலக்கம், எல்லாம் எழுதுங்கள். அதற்கும் மேலே பாதிப் பேர் டவுனுக்கு வந்து எடுக்கச் சொல்வார்கள். அந்த பஸ் காசையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மழை மாதத்தில் சொன்ன நாளுக்கு மேல் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், உடைந்து வந்தால் அதுதான் சாட்சி.

5. இரவுக்கு எப்படிப்பட்ட நாவல்

பொம்மையைவிட இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன், அதிகம் சந்தோசப்பட்டதும் இதில்தான்.

படப் புத்தகம் மூன்று நிமிடத்தில் முடியும். தம்பிக்கு அது சரி, அவனுக்கு ஒரே புத்தகத்தை நாற்பது தடவை வாசித்தாலும் போதவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கும் தொடரும் கதை வேண்டும். 60 முதல் 100 பக்கம், ஓர் அத்தியாயம் ஐந்து முதல் ஏழு பக்கம் உள்ள சிறுவர் நாவலைத் தேடுங்கள். சத்தமாக வாசிக்க எனக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. அதாவது ஓர் அத்தியாயம் பத்து முதல் பதினான்கு நிமிடம். அதற்கு மேல் போனால் பிள்ளைக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன், காலையில் எழுந்தது நாலரைக்கு.

கடையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். கண்ணால் வாசிக்க நன்றாக இருக்கும் பல புத்தகம் வாயில் வராது. மொழிபெயர்ப்பில் இது அதிகம். ஒரு வசனத்தை முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினால் அது இரவுக்கு உதவாது.

இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களில் தாளும் படமும் அழகு. ஆனால் எங்கள் பிள்ளைகள் 'கொப்பி' என்பதை அது 'நோட்டு' என்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி மூன்று, நான்கு சொல் வந்தால் பரவாயில்லை, விளக்கிச் சொல்லலாம், பிள்ளைக்கும் புதுச் சொல் கிடைக்கும். பத்து வந்தால் கதை அறுந்துபோகும். அந்தப் புத்தகத்தை ஞாயிறு பகலில் வாசியுங்கள். சொல்லை மாற்றி வாசிக்க நான் முயன்று பார்த்தேன். மகள் எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் "அம்மா, இங்க அப்படி இல்லையே" என்று பிடித்துவிட்டாள். இப்போது உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன்.

நான் வாங்காத வகையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அத்தியாயக் கடைசியிலும் 'இதிலிருந்து நாம் அறிவது' என்று பெட்டி கட்டிப் போட்ட புத்தகம். மகள் அந்தப் பெட்டி வந்தவுடன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். வேலைக்காரப் பிள்ளையை முட்டாளாகக் காட்டிச் சிரிக்கவைக்கும் கதையும் வேண்டாம். எங்கள் சனம் எத்தனை பேர் கொழும்பு வீடுகளில் வேலைக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டுப் பிள்ளை சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பயமுறுத்தும் கதை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பயம் அதே அத்தியாயத்தில் தீர வேண்டும். கழிவறை வெளியே இருக்கும் வீட்டில், பேய் பாதியில் நின்றால் இரவு முழுக்க நீங்கள்தான் துணைக்குப் போக வேண்டும்.

விலை: நான் வாங்கியவரை உள்ளூர்ப் பதிப்பு 350 முதல் 700 ரூபாய். இந்தியப் புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கும் விலையை நான்கு, ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் கழிவு (விலைத் தள்ளுபடி) உண்டு. போகிற ஆசிரியர் யாரிடமாவது பட்டியலும் பணமும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேர் ரயிலேறிப் போனால் கழிவு முழுக்க வழிச்செலவில் போய்விடும்.

6. நூலக அட்டை எடுங்கள்

மாதம் ஒரு புத்தகம் வாங்கினால் பிள்ளைக்கு மாதம் பத்து, பதினைந்து இரவுதான் நிறையும். மிச்ச இரவுக்கு டவுனில் இருக்கும் நகர சபை நூலகம்தான். நான் இந்த அட்டைக்காக நான்கு தடவை டவுனுக்குப் போனேன். நீங்கள் இரண்டு தடவையில் முடிக்கலாம்.

முதல் தடவை வெறுங்கையோடு போய் விண்ணப்பப் படிவத்தை மட்டும் எடுத்து வாருங்கள். பிறகு சேர்க்க வேண்டியவை, எங்களிடம் கேட்டபடி: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, தாய் அல்லது தகப்பனின் அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையின் படம் இரண்டு, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிணையாளியின் கையெழுத்து.

சிக்கல் கடைசி இரண்டில். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், வெளிக்கள வேலை இருக்கும். முதல் நாள் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் பிரதி கையில் இருந்தால் கடிதம் அன்றைக்கே கிடைக்கும். இல்லையென்றால் தோட்ட அலுவலகக் கடிதம் கொண்டுவரச் சொல்வார்கள், அதற்கு ஒரு வாரம்.

பிணையாளி நகர சபைக்கு வரி கட்டுபவராகவோ அரச ஊழியராகவோ இருக்க வேண்டும் என்றார்கள். லயத்தில் இருக்கும் யாரும் நகர சபைக்கு வரி கட்டுவதில்லை. இதில்தான் எனக்கு இரண்டு பயணம் வீணானது. பிள்ளையின் வகுப்பாசிரியரைக் கேளுங்கள், அரச ஊழியர் என்பதால் செல்லும். புத்தகம் தொலைந்தால் அவரிடம் கேட்பார்கள் என்பதையும் சொல்லியே கையெழுத்து வாங்குங்கள். உங்கள் தோட்டம் பிரதேச சபை எல்லைக்குள் இருந்தால் நகர சபை நூலகத்தில் வெளியாருக்கு வைப்புப் பணம் கேட்கலாம். படிவம் எடுக்கும் அன்றே அதைக் கேளுங்கள்.

எங்களுக்குப் படிவமும் வருடக் கட்டணமும் சேர்ந்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. அட்டை வர பன்னிரண்டு நாள். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், இரண்டு வாரம். தவணை பிந்தினால் தண்டப்பணம் சின்னதுதான், ஆனால் டவுனுக்குப் போகிற நாளோடு திகதியைப் பொருத்திக்கொள்ளுங்கள். நான் சம்பள நாளுக்கு மறுநாள் என்று வைத்திருக்கிறேன்.

7. காசில்லாமல் கிடைப்பவை

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்புப் படிநிலைகளில் இருக்கின்றன. இறக்கி அச்சிட அனுமதி உண்டு. அவை நாவல் அல்ல, சின்னக் கதைகள், ஆனால் நாவல் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரையான இரவுகளுக்கு உதவும். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களுக்கு நூலகம் என்ற இணைய நூலகம், அதில் பழைய சிறுவர் நூல்களும் உண்டு. போனில் காட்டி வாசிக்காதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும், அடுத்தது கார்ட்டூன் கேட்கும். கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, தைத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளின் இரண்டு பக்கமும் அச்சிடச் சொன்னால் செலவு குறையும்.

அப்பாயி இருக்கும் வீட்டில் வாரத்தில் இரண்டு இரவு அவருக்கு விடுங்கள். எங்கள் மாமியார் எழுத்து வாசிக்க மாட்டார். பொன்னர் சங்கர் கதையை அவர் சொல்லத் தொடங்கினால் நானும் குசினியில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

8. மழைக்கு முன்னால்

எங்கள் பக்கம் மே பிறந்தால் செப்டெம்பர் வரை ஈரம்தான். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒக்டோபருக்குப் பிறகு. அதற்கு முன்னால் ஒரு வெயில் நாளில் புத்தகங்களை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். நேர் வெயிலில் அட்டை வளையும். புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், பூஞ்சணம் சுவரிலிருந்துதான் ஏறுகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியும், அடியில் துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசியும் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. அரிசியை மாதம் ஒரு தடவை மாற்றுங்கள்.

கீபோர்ட்டை ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் விட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்து தகடு பச்சை பிடித்தால் புது பேட்டரி போட்டும் ஓடாது. இலேசாகப் பிடித்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, வினாகிரியில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் திரும்ப வேலை செய்யும். எங்கள் முதல் கீபோர்ட் அப்படித்தான் இன்னும் ஓடுகிறது. ரெக்கார்டரை வாசித்து முடிந்ததும் மூன்றாகக் கழற்றி, உள்ளே துணி விட்டு இழுத்து, அடுப்படியிலிருந்து தள்ளிக் காயவையுங்கள். அக்காவும் தம்பியும் ஒரே ரெக்கார்டரை மாறி மாறி ஊதினால் தடிமலும் மாறி மாறி வரும், ஆளுக்கொன்று வாங்க முடியாவிட்டால் தம்பிக்குச் சைலபோனைக் கொடுங்கள்.